ஜனவரிவரை பொறுக்கவேண்டிய கட்டி

வேலைச் சட்டையின் மேல் பொத்தான் பூட்ட மறுத்தது. சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவள் நான். சட்டை சுருங்கினால் அதற்குக் காரணமும் நானேதான், ஆகவே யாரிடமும் முறையிடவில்லை. இன்னொரு சட்டை எடுத்தேன். அதுவும் மறுத்தது. பக்கத்தில் நின்று மேசைவிரிப்பு மடித்த போர்த்துக்கேயப் பெண் என் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தன் கழுத்தைத் தொட்டாள். எங்கள் இருவரிடமும் இருந்த ஓட்டை டொய்ச், அதாவது ஜெர்மன் மொழி, அன்று தேவைப்படவே இல்லை.

கண்ணாடியில் பார்த்தேன். குரல்வளைக்குக் கீழே, வலப்பக்கமாக, ஒரு புறா முட்டை. எப்போது வந்தது? யாரைக் கேட்டுக்கொண்டு வந்தது? வலியில்லை, காய்ச்சலில்லை. வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து அமர்ந்திருக்கும் விருந்தாளி மாதிரி இருந்தது.

இந்த நாட்டில் நோய் வந்தால் உடம்போடு மட்டும் முடிவதில்லை, ஒரு தீர்மானமும் கூட வந்துவிடுகிறது. அந்தத் தீர்மானத்தோடு நான் கிடந்து உழன்ற கதையைச் சொன்னால் யாருக்காவது உதவும் என்று நினைத்து எழுதுகிறேன். தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

குடும்ப டொக்டர் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கச் சொன்னார். விழுங்கும்போது கட்டியும் கூடவே ஏறி இறங்கியது. அப்படி ஏறி இறங்கினால் அது தைரொயிட் சுரப்பியில் இருக்கிறது என்று அர்த்தம். உடம்பு எவ்வளவு வேகமாக ஓடவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற, வண்ணத்துப்பூச்சி வடிவச் சின்னச் சுரப்பி அது. பிறகு ஸ்கான். கையில் ஊசி போட்டு, மிகச் சிறிதளவு கதிர்வீச்சுப் பொருளை இரத்தத்தில் விடுகிறார்கள். சுரப்பி வேலை செய்யும் இடங்கள் திரையில் ஒளிரும், வேலை செய்யாத இடம் இருட்டாகக் கிடக்கும். எனது வண்ணத்துப்பூச்சியின் வலச் சிறகில் ஒரு இருட்டு ஓட்டை. அதைக் குளிர்ந்த முடிச்சு என்று சொல்கிறார்கள். பெரும்பாலான குளிர்ந்த முடிச்சுகள் ஒன்றும் செய்யாதவை, சில புற்றுநோய். எனது எது? மெல்லிய ஊசியால் குத்திக் கொஞ்சம் கலங்களை உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் சொல்ல முடியவில்லையாம். முடிச்சை முழுதாக வெளியே எடுத்து வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு பெண்மணி. விரல் நகங்களை மிகக் குறுக வெட்டியிருந்தார். எனக்கு அது பிடித்தது.

“எப்போது செய்யவேண்டும்?” என்று கேட்டேன்.

“சீக்கிரம் என்பேன். சில கிழமைகள் பிந்தினால் பெரிய வித்தியாசம் வராது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாக்குத் தரமாட்டேன். நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.”

நீங்கள்தான். வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு மரியாதையாக எதையும் கேட்டதில்லை. மன்னாரிலிருந்து வெளிக்கிடும்போது கேட்கவில்லை. எந்த நாட்டுக்கு என்று கேட்கவில்லை. எந்த வேலை என்று கேட்கவில்லை. இப்போது, தொண்டையில் முட்டையோடு நிற்கும்போது, தெரிவு முழுவதும் என் கையில். இலையுதிர்காலம் முடிந்துகொண்டிருந்தது. ஜனவரிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

ஜனவரி ஏன் என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லவேண்டும். அதற்கு முந்திய வருடம்தான் இங்கே எல்லோரும் மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும் என்ற சட்டம் வந்தது. வயது, நோய் என்று சொல்லிக் கம்பனி யாரையும் தள்ளமுடியாது. சட்டம் அரசாங்கத்தினுடையது, கம்பனிகளோ தனியாருடையவை. மாதாமாதம் கட்டும் பணத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. “வருடத்தில் இவ்வளவு தொகை வரைக்கும் என் வைத்தியச் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன், அதற்கு மேலே போனால் நீ பார்” என்று கம்பனிக்கு எழுதிக் கொடுக்கலாம். அந்தத் தொகைக்குப் பெயர் ஃபிரான்ஷீஸ். அதைக் கூட்டி வைத்தால் மாதக் கட்டணம் குறையும். ஆனால் நினைத்த நேரத்தில் இறக்க முடியாது, புதுவருடத்தில்தான் இறக்கலாம்.

நாங்கள் உச்ச ஃபிரான்ஷீஸில் இருந்தோம். அதற்குக் காரணம் செல்வம் அண்ணை.

செல்வம் அண்ணை யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்தவர். இங்கே உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறார், என் கணவர் அன்ரன் அதே அடுப்படியில் சமையல். சட்டம் வந்தவுடனேயே செல்வம் அண்ணை எங்கள் ஐந்து குடும்பங்களையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, ஒரு தட்டு வடையை நடுவில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“எல்லாரும் உச்சத்துக்குப் போவம். மாசம் மிஞ்சிற காசைக் கம்பனிக்காரனுக்கு ஏன் குடுப்பான்? நாங்களே சீட்டாய்ப் பிடிப்பம். வருத்தம் வந்தவை எடுக்கட்டும். வராட்டி வருச முடிவிலை பிரிச்சு எடுப்பம். எங்கட காசு எங்கட கையிலை.”

சீட்டு எங்களுக்குத் தெரிந்த வித்தை. எல்லோரும் மாதாமாதம் போடுவது, ஒருவர் எடுப்பது. நடத்துகிறவரைத் தாச்சி என்போம். அவசரப்பட்ட இருவர் ஒரே நேரத்தில் கேட்டால் கழிவு கூறவேண்டும். “நான் நூறு விட்டுக்கொடுத்து எடுக்கிறேன்”, “நான் இருநூறு விட்டு எடுக்கிறேன்” என்று. கூட விட்டுக்கொடுக்கிறவருக்குச் சீட்டு, விட்ட பணம் மற்றவர்களுக்கு இலாபம். ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அதே விதிதான் என்றார் செல்வம் அண்ணை. வடை நன்றாக இருந்தது. யாருக்கும் வருத்தம், நோய் ஒன்றும் இருக்கவில்லை. எல்லோரும் தலையாட்டினோம்.

அவரைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வருடம் முழுவதும் எங்களில் யாரும் தடிமன், இருமலுக்கெல்லாம் டொக்டரிடம் ஓடவில்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்தோம். மருந்துக்கடையில் விலை கேட்டு, மலிவான குளிசை உண்டோ என்று கேட்கப் பழகினோம். சுவிஸ்காரரே அப்படிக் கேட்பதில்லை. உண்மையாகவே பணம் மிஞ்சியது. அதோடு, செல்வம் அண்ணைக்கு அரசாங்கத்தின்மேல் ஏன் நம்பிக்கை இல்லை என்றும் எனக்குத் தெரியும்.

“ஊர்ப் பெரியாஸ்பத்திரியிலை எல்லாம் இலவசம்தான் தங்கச்சி,” என்பார். “சண்டைக்குள்ளை என்ரை தகப்பனைக் கொண்டுபோய்க் கிடத்தினன். கட்டில் இலவசம். டொக்டர் தெய்வம் மாதிரி மனுசன், அவரும் இலவசம். மருந்துதான் இல்லை. கையிலை காசிருந்தவன் வெளியிலை வாங்கினான். நான் பாத்துக்கொண்டு நிண்டன்.”



லண்டனில் இருக்கும் என் தம்பி ஜெறாட் தொலைபேசியில் எதிர்ப்பக்கம் வாதாடினான். “இஞ்சை ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு சதம் குடுக்கத் தேவையில்லை அக்கா. நீங்கள் அங்கை நோயை வைச்சுக்கொண்டு ஏலம் விடுறியள்.”

“உன்ரை குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் முடிஞ்சுதோ?” என்று கேட்டேன்.

“லைனிலை நிக்கிறன்,” என்றான்.

ஆக, ஒருவன் வரிசையில் நிற்கிறான், ஒருத்தி கலண்டரில் நிற்கிறாள். அதைச் சொல்லி இருவரும் சிரித்தோம். சிரிக்கும்போது கட்டியும் சேர்ந்து ஆடியது.

அன்ரன் மட்டும் ஆரம்பத்திலிருந்தே ஒரே வசனம்தான். “உடனை வெட்டுவிப்பம்.” செல்வம் அண்ணை வேறு சொன்னார். “இப்ப வெட்டினால் ஃபிரான்ஷீஸ் முழுக்க உங்கட தலையிலை. சீட்டும் காலி. குகனும் பல்லுக்குக் கேட்டுக்கொண்டு நிக்கிறான். புதுவருசம் பிறந்து தையிலை ஃபிரான்ஷீஸை இறக்கிப்போட்டு வெட்டினால் கம்பனி குடுக்கும். டொக்டரே அவசரமில்லை எண்டுதானே சொன்னவ?” குகன் தனியாள், சீட்டில் ஐந்தாவது குடும்பம் என்று அவனைத்தான் கணக்கு வைத்திருந்தோம்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் அதையேதான் நினைத்தேன். பொறுப்போம். பொறுப்பது எனக்குப் பழக்கமான வேலை. மேல் பொத்தானைத் திறந்துவிட்டு வேலைக்குப் போனேன். மாதம் ஒருமுறை சூரிச்சில் நடக்கும் தமிழ்க் கத்தோலிக்கப் பூசையில் வேத வாசகம் வாசிப்பேன். அந்த மாதமும் வாசித்தேன், கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு.

கட்டிக்குக் கலண்டர் தெரியாது. ஈரமான படுக்கைவிரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்தபோது கழுத்துக்குள் ஏதோ விரிந்தது. காதுவரை இழுத்தது. சில நிமிடங்களில் புறா முட்டை கோழி முட்டையாகிவிட்டது. எச்சில் விழுங்க முடியவில்லை. மூச்சு வந்தது, ஆனால் ஒடுங்கிய குழாய்க்குள்ளால் வருகிற மாதிரி. போர்த்துக்கேயப் பெண் இரண்டு கையாலும் என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள். அம்புலன்ஸ் வந்தது. போகும் வழியில் நான் நினைத்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: இந்த அம்புலன்ஸுக்கு யார் காசு கட்டுவது?

முடிச்சுக்குள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். பயப்படத் தேவையில்லை, அநேகமாக வற்றிவிடும், ஆனால் மூச்சைக் கவனிக்கவேண்டும். இருவர் படுக்கும் அறையொன்றில் கிடத்தினார்கள். கழுத்தில் ஐஸ் பொதி. விரலில் ஒரு கிளிப், இரத்தத்தில் எவ்வளவு ஒட்சிசன் இருக்கிறது என்று அது இலக்கத்தில் காட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி இரவுகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றுதான் சொல்வேன்: சுவிஸ் ஆஸ்பத்திரியில் இருட்டுக்கூடச் சுத்தமாக இருக்கிறது, அழுவதற்கு ஒரு மூலை கிடைக்காது.

பக்கத்துக் கட்டிலில் ஃப்ராவ் வேபர், எங்கள் மொழியில் திருமதி வேபர். அப்பென்செல் மலைப்பக்கம் பிறந்து, கலியாணம் கட்டி இங்கே வந்தவர். எண்பதை நெருங்கிய வயது. அவர் கழுத்திலும் கட்டி, என்னுடையதைவிடப் பெரியது, பழையது. மூச்சுக்குழாயை நெரிக்கத் தொடங்கியதால் இப்போதுதான் எடுக்க வந்திருக்கிறார்.

“நீயும் கிரொப்ஃபா?” என்று மகிழ்ச்சியோடு கேட்டார். கழுத்துக் கட்டிக்கு இங்கே அதுதான் பெயர். “நான் உப்புக்கு முன் பிறந்தவள். நீ?”

எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னார். அவர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அந்த மலைக் கிராமங்களில் பாதிப்பேருக்குக் கழுத்தில் கட்டி. மண்ணில் அயடின் இல்லை. பிள்ளைகள் பேச்சு வராமல், காது கேளாமல் பிறந்தார்கள். பிறகு உப்பில் அயடின் கலந்து விற்கத் தொடங்கினார்கள். “என் அப்பா அதை நஞ்சு என்று சண்டை பிடித்தார். என் உப்பை நான் தீர்மானிப்பேன் என்றார். அம்மா அந்த உப்பையே வாங்கிச் சூப்பில் போட்டாள். அவருக்குத் தெரியாது. எனக்குப் பின் பிறந்த தம்பி தங்கைகள் ஒருவருக்கும் கட்டி இல்லை.”

நாங்கள் சுவிஸ் உப்பு ருசியில்லை என்று தமிழ்க்கடையில் கல்லுப்பு வாங்கிச் சமைப்பதைச் சொன்னேன். கடல் உப்புத்தானே, அதில் எல்லாம் இருக்கும் என்று எங்கள் சனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அடுத்த நாள் சுற்றுக்கு வந்த டொக்டரிடம் ஃப்ராவ் வேபரே அதைக் கோள்மூட்டினார். கடல் உப்பில் அயடின் அநேகமாக இல்லையென்றே சொல்லலாம், இந்தக் கட்டி அதனால்தான் வந்தது என்று சொல்லமுடியாது, ஆனாலும் அயடின் கலந்த பச்சைப் பெட்டி உப்பை வாங்குங்கள் என்றார் டொக்டர். ஃப்ராவ் வேபர் தலையணையில் சாய்ந்து வெற்றிப் பார்வை பார்த்தார்.

அன்ரன் வேலை முடிந்து வருவார். நாள் முழுக்க மற்றவர்களுக்கு உருளைக்கிழங்கு பொரித்த எண்ணெய் வாசம் சட்டையில் இருக்கும். அறைக்குள் வந்ததும் யன்னலோரத்து ஹீட்டரில் இரண்டு கையையும் வைத்துச் சூடாக்குவார், பிறகுதான் என் கன்னத்தைத் தொடுவார். ஒரு நாளும் சொல்லிச் செய்ததில்லை. மகள் நிரோஷி பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்து, கட்டில் நுனியில் இருந்து வீட்டுப்பாடம் செய்வாள். எனக்குக் கனக்கக் கதைக்க ஏலாது என்பதால் அவளும் கதைக்காமல் இருந்தாள். எங்கள் வீட்டில் அது பெரிய தியாகம்.

வீக்கம் கொஞ்சம் வற்றியது. சத்திரசிகிச்சை நிபுணர் வந்து கட்டிலின் ஓரத்தில் இருந்தார்.

“நாளை மறுநாள் எனக்கு ஒரு இடம் காலியாக இருக்கிறது. இப்போதே செய்யலாம். அல்லது வீட்டுக்குப் போய் ஜனவரியில் வரலாம். மூச்சுக் கஷ்டமானால் உடனே ஓடிவரவேண்டும். நாளைக் காலையில் சொல்லுங்கள்.” பிறகு இன்னொன்றும் சொன்னார். குரலை அசைக்கும் நரம்பு இந்தச் சுரப்பிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டுதான் ஓடுகிறதாம். மிகக் கவனமாகச் செய்வார்களாம். ஆனாலும் அரிதாகச் சிலருக்குக் குரல் கரகரத்துப் போகலாம், அது பிறகு சரியாகாமலும் போகலாம்.

அன்று பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் செல்வம் அண்ணை வந்தார். கூடவே குகன். ஒரு கன்னம் மாம்பழம் மாதிரி வீங்கியிருந்தது. பல்லின் கீழே சீழ் கட்டி எலும்புவரை போயிருக்கிறதாம். இந்த நாட்டுக் காப்புறுதியில் பல் சேராது. கழுத்துக்கு மேலே மூளை, காது, மூக்கு, எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு, பல்லுக்கு மட்டும் இல்லை. பல் வைத்தியர் பாதிக் காசை முதலில் கேட்கிறார்.

“தங்கச்சி,” என்றார் செல்வம் அண்ணை, குரலைத் தாழ்த்தி. “இதை இஞ்சை கதைக்கிறது சரியில்லைத்தான். ஆனால் நாளைக்குக் காலமை நீங்கள் முடிவு சொல்லவேணும். இவனும் தாங்கமாட்டான். ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை கேட்டால் என்ன விதி எண்டு தெரியுந்தானே.”

“கழிவோ?” என்றார் அன்ரன். “இஞ்சையோ?”

“விதி விதிதானே அன்ரன். மற்ற ரெண்டு குடும்பமும் என்னைப் பாக்கச் சொல்லிட்டினம். நான் ஒருத்தருக்கும் பக்கம் சாயேலாது.”

அப்படித்தான் சுவிஸ் ஆஸ்பத்திரியொன்றின் இரண்டாம் மாடியில், ஒரு கிண்ணம் அப்பிள் கூழுக்குப் பக்கத்தில், சீட்டுக் கூறல் தொடங்கியது.

“நூறு கழிச்சு,” என்றான் குகன். வாய் திறக்க ஏலாமல், பல்லை இறுக்கிக்கொண்டு.

“நூற்றைம்பது,” என்றார் அன்ரன்.

“அண்ணை, உங்களோடை போட்டிக்கு நிக்க எனக்கு விருப்பமில்லை,” என்றான் குகன். கண்ணில் தண்ணீர். பல்லாலா, வெட்கத்தாலா தெரியவில்லை. “இருநூறு.”

“இருநூற்றைம்பது.”

ஃப்ராவ் வேபர் புத்தகத்தை மூடினார். “என்ன விற்கிறீர்கள்?” என்று கேட்டார்.

செல்வம் அண்ணை எழும்பி நின்று, தன் அடுப்படி டொய்ச்சில் மரியாதையாக விளக்கினார். உயர்ந்த ஃபிரான்ஷீஸ், மிச்சம் பிடித்த பணம், பொதுவான சீட்டு, இரண்டு நோயாளிகள், கழிவு.

கிழவி கேட்டுக்கொண்டிருந்தார். “அப்படியென்றால் யாருக்குக் கூட நோகிறதோ அவர் கூட இழக்கிறார். நோகாதவர் இலாபம் எடுக்கிறார்.”

செல்வம் அண்ணைக்குச் சுருக்கென்றிருக்கவேண்டும். ஆனால் விடவில்லை. “உங்கள் பக்கம் மட்டும் என்ன? மாதக் கட்டணம் வருடாவருடம் ஏறுகிறது. யார் நிறுத்துவது? இலவசம் என்றால் தும்மினாலும் டொக்டர். எங்கள் சீட்டில் ஒருவரும் வீணாகப் போனதில்லை. காசு எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது,” என்று ஒப்புக்கொண்டார் ஃப்ராவ் வேபர். “என் புருஷனும் இதையேதான் சொல்லுவான். சட்டத்துக்கு வாக்குப் போட்டபோது நான் ஆம், அவன் இல்லை. ஒரே மேசையில் இருந்துதான் எழுதினோம். அவனுக்குச் சுகமில்லாமல் போன பிறகு அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.”

இவ்வளவு நேரமும் நான் கதைக்கவில்லை. கதைத்தால் நோகும். ஆனால் எனக்குள்ளே ஏதோ ஒன்று அமைதியாகிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி என்னை வாசலில் மறிக்கவில்லை. வெட்டிவிட்டுத்தான் பில் அனுப்புவார்கள், மாதாமாதம் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுக்கலாம். குகனுடைய பல் வைத்தியர் அப்படியில்லை. அந்தச் சட்டம் என்னை ஏந்துகிறது, அவனை ஏந்தவில்லை. அவனுக்கு இருப்பது சீட்டு மட்டும்தான்.

கையை உயர்த்தினேன். “குகன் எடுக்கட்டும்,” என்றேன். குரல் காற்றாகத்தான் வந்தது. “கழிவு இல்லாமல். நான் இப்பவே வெட்டுவிக்கிறன். பில் வரட்டும்.”

அன்ரன் கண்ணை மூடித் திறந்தார்.

“கழிவில்லாமல் எப்பிடித் தங்கச்சி?” செல்வம் அண்ணை உண்மையாகவே குழம்பிப்போனார். “கழிவில்லாட்டி அது சீட்டில்லை. கோயில் உண்டியல்.”

“உண்டியலாய் இருந்திட்டுப் போகட்டும் அண்ணை. எங்கடை ஆக்களுக்கு உண்டியலிலை போட்டுப் பழக்கம்தானே.”

குகன் சிரிக்கப் பார்த்து வலியில் ஐயோ என்று கத்தினான். தாதி எட்டிப் பார்த்தார். ஃப்ராவ் வேபர், எல்லாம் விளங்கியவர் போல, அப்பிள் கூழ்க் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டார். “இதற்குப் பல் தேவையில்லை,” என்றார்.

சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு பச்சைத் தொப்பி, முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள், இனிய ஏதாவதொன்றை நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு குரல். இனிய ஏதாவதொன்றைத் தேட முன்பே போய்விட்டேன். விழித்தபோது கழுத்தில் ஒரு சின்னக் குழாய், கசியும் இரத்தத்தை வெளியே எடுக்க. நிபுணர் குனிந்து, “உங்கள் பெயரைச் சொல்லுங்கள்,” என்றார். நரம்பு தப்பியதா என்று பார்க்க அப்படிக் கேட்பார்களாம்.

“மெற்றில்டா.”

துருப்பிடித்த கதவு திறக்கிற சத்தம். ஆனால் அது என் கதவு. வாய்க்குள் இருந்த என் பெயரை அவ்வளவு ருசியோடு நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

பிறகு முடிவுக்காகக் காத்திருப்பு. எடுத்த பாதிச் சுரப்பியை மெல்லிய இழைகளாகச் சீவி, நிறம் ஊற்றி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். அந்த நாட்களில் நிரோஷி மறுபடி கதைக்கத் தொடங்கினாள், நிறுத்தவே இல்லை. ஃப்ராவ் வேபருக்கும் ஒப்பரேசன் முடிந்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரிக் கட்டோடு, ஒரே மாதிரிக் கரகரத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து நடைவழியில் நடந்தோம். கிழவி முன்னுக்கு, நான் பின்னுக்கு.

முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. சாதாரண முடிச்சு.

அன்ரன் ஹீட்டருக்குப் போகவே இல்லை. குளிர்ந்த கையாலேயே என் முகத்தைப் பிடித்தார்.

வீட்டுக்கு வந்த கிழமை செல்வம் அண்ணை தனியாகப் பார்க்க வந்தார். குகனுக்குப் பல் பிடுங்கியாயிற்று, இப்போது வீக்கமில்லாமல் பகிடி விடுகிறான் என்றார். நான் தேத்தண்ணீர் ஊற்றினேன்.

“பாத்தீங்களே தங்கச்சி. ஒண்டுமில்லை. தைக்கு விட்டிருந்தால் இவ்வளவு பில் வந்திராது.”

“ஓம் அண்ணை. கணக்கிலை நீங்கள் சொன்னதுதான் சரி.”

“பிறகென்ன?”

“ஒண்டுமில்லை எண்டது எனக்கு வெட்டின பிறகுதானே தெரிஞ்சது. தைவரைக்கும் நான் அதைத் தெரியாமல் இருந்திருப்பன். ஒவ்வொரு நாளும் காலமை எழும்பித் தொட்டுப் பாத்திருப்பன். அந்த நாளுக்கெல்லாம் கம்பனியும் காசு தராது, சீட்டும் தராது.”

அவர் தேத்தண்ணீரைக் குடிக்கவில்லை. கோப்பையின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார்.

“தொட்டுத் தொட்டுப் பாத்தனீங்களோ?”

“வேலையிலும் பாத்தன். பூசையிலும் பாத்தன்.”

“பயமாய் இருந்ததோ?”

“ஓம்.”

வெளியே ஈரப்பனி பெய்துகொண்டிருந்தது. அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு நெஞ்சின் நடுவில் கையை வைத்தார், ஒரு ஆள் தன்னை அறிமுகப்படுத்துவது போல.

“எனக்கும் ஒண்டு இருக்கு,” என்றார். “ஸ்டேசன் மேட்டிலை ஏறினால் இதிலை இறுக்கும். கல்லு வைச்ச மாதிரி. நிண்டால் போயிடும். மனுசி ரதிக்கும் சொல்லேல்லை. நானும் தையைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

“சீட்டிலை நீங்களே எடுத்திருக்கலாமே அண்ணை.”

“தாச்சி முதல் எடுத்தால் என்ன சொல்லுவினம்? தனக்கு வருத்தம் எண்டு தெரிஞ்சுதான் தொடங்கினவன் எண்டு சொல்லமாட்டினமோ?”

நான் கழுத்துக் கட்டின்மேல் சால்வையைச் சுற்றினேன். “எழும்புங்கோ.”

“எங்கை? தங்கச்சி, சும்மா இருங்கோ, நீங்களே வருத்தக்காரி.”

“எழும்புங்கோ எண்டு சொல்லுறன்.”

குடும்ப டொக்டரின் அறை இரண்டு பஸ் தரிப்பு தூரம். முன்பதிவு இல்லை என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். நெஞ்சு என்று சொன்னேன், உள்ளே விட்டாள். செல்வம் அண்ணை தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதிரை நுனியில் இருந்தார். நெஞ்சுநோவைச் சொல்ல அவருடைய அடுப்படி டொய்ச் போதாது. என் கரகரத்த குரலில் நானே எல்லாம் சொன்னேன். மேடு, கல், நின்றால் போய்விடுவது.

டொக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்: “எவ்வளவு காலமாக?”

நான் செல்வம் அண்ணையிடம் தமிழில் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தொப்பியைப் பார்த்தார்.

“சீட்டுத் தொடங்க முன்னமே,” என்றார்.

அதை டொய்ச்சில் எப்படிச் சொல்வதென்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. பிறகு, “இரண்டு வருடமாக,” என்றேன். டொக்டர் பேனையை வைத்தார். எழும்பி வந்து, செல்வம் அண்ணையின் சட்டைப் பொத்தான்களைத் தானே கழற்றத் தொடங்கினார்.